பதநீர் கள்ளாகும் இடைவெளி: புத்தளம் கரையோரத்தின் முன்னுள்ள கேள்வி

வென்னப்புவ தொடக்கம் கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் புத்தளம் மாவட்டக் கரையோரம் கடலுக்கு அடுத்தபடியாகத் தென்னையை நம்பி வாழும் பிரதேசமாகும். குருநாகல், கம்பஹா மாவட்டங்களுடன் இணைந்து ‘தென்னை முக்கோணம்’ எனப் பெயர் பெற்ற நிலப்பரப்பின் மேற்கு எல்லை இதுவே. தேங்காய், கொப்பரா, எண்ணெய், தும்பு என்று தென்னையின் ஒவ்வொரு பாகத்தையும் பணமாக்கத் தெரிந்த இம்மக்கள், பாளையிலிருந்து வடியும் இனிப்பு நீரை மட்டும் பெரும்பாலும் இரண்டே வடிவங்களில் அறிந்திருக்கின்றனர். ஒன்று கள், மற்றது அக்கள்ளிலிருந்து வடிக்கப்படும் சாராயம். வென்னப்புவ, மாரவில, நாத்தாண்டிய, மாதம்பை வட்டாரங்கள் கள்ளிறக்கும் தொழிலுக்கு நீண்ட காலமாகவே பெயர் பெற்றவை.

புளிக்காத பாளை நீரை வட பகுதியினர் கருப்பணி என்பர். தமிழகத்தில் பதநீர் என்றும் தெளுவு என்றும், கேரளத்தில் நீரா என்றும், சிங்கள மக்களிடையே மீரா என்றும் அது வழங்குகிறது. இதனைப் பாணியாக, கருப்பட்டியாக, சீனியாக, குளிர்பானமாக மாற்றி விற்க இயலும் என்பது புதிய செய்தியன்று. அப்படியிருந்தும் தென்னம் பதநீர் ஏன் எமது கரையோரத்தில் ஒரு தொழிலாக வேரூன்றவில்லை? சட்டம் தடுக்கிறது, மதுவுக்கே கேள்வி அதிகம், தொழிலாளர் இல்லை என்றெல்லாம் பதில்கள் கூறப்படுகின்றன. அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அடிப்படைத் தடை வேறொன்று என்பதே எமது கருத்தாகும். மரத்திலிருந்து துளி விழும் நேரத்துக்கும் அது அடுப்பையோ குளிரூட்டியையோ சென்றடையும் நேரத்துக்கும் இடையிலுள்ள சில மணித்தியாலங்களில் அந்நீரைச் சுத்தமாகவும் குளிர்ச்சியாகவும் வைத்திருக்கும் ஏற்பாடு இங்கு இல்லை. அந்த இடைவெளியிலேதான் பதநீர் கள்ளாகிறது.

முட்டிக்குள் நடப்பது என்ன?

பாளையின் உட்புறத்திலிருந்து வரும் நீர், வெளியே வரும் கணத்தில் ஏறத்தாழத் தூய்மையானது. அதில் 12 முதல் 16 வீதம் வரை சீனி உண்டு. அமிலத் தன்மை கிடையாது. ஆனால் சீவிய பாளையின் முனையிலும், கத்தியிலும், காற்றிலும், ஈ எறும்பு தேனீக்களின் கால்களிலும் மதுவங்களும் பக்டீரியாக்களும் காத்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக முட்டியே ஒரு நுண்ணங்கிக் களஞ்சியமாகும். மண்முட்டியின் நுண்துளைகளில் நேற்றைய கள்ளின் மண்டி தங்கியிருக்கிறது. சீவல் தொழிலாளி ஒருபோதும் கள்ளுக்கு உறை ஊற்றுவதில்லை என்பதை எல்லோரும் அறிவர். முட்டியே அவருக்காக அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அதன் பின்னர் நடப்பதை விளக்கமாக ஆராய்ந்தவர்கள் எமது நாட்டு விஞ்ஞானிகளே. அற்புதராஜா, விதானபத்திரண, சமரஜீவ ஆகியோர் 1986 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, தென்னம் பாளை நீரின் இயற்கையான நொதித்தல் மூன்று கட்டங்களில் நடைபெறுவதைக் காட்டியது. முதலில் இலக்றிக் அமில நொதித்தல். அடுத்து மதுசார நொதித்தல். இறுதியில் அசற்றிக் அமில நொதித்தல். அதாவது நீர் முதலில் புளிக்கிறது, பிறகு போதை ஏறுகிறது, கடைசியில் வினாகிரியாகிறது. ஒரு நாளுக்குள்ளாகவே 5 முதல் 8 வீதம் வரை மதுசாரம் சேர்ந்துவிடக்கூடும்.

எமது கரையோரத்தில் நிழலிலேயே வெப்பநிலை ஆண்டு முழுவதும் 30 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. மதுவங்கள் பெருகுவதற்கு இதைவிட வாய்ப்பான சூழல் வேறில்லை. மாறாக 5 பாகைக்குக் கீழே கொண்டு சென்றால் அவற்றின் வேலை ஏறத்தாழ நின்றுவிடும். ஆகவே பதநீரைப் பாதுகாப்பதற்கு இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடைபெற வேண்டும். கிருமி உட்புகுவதைக் குறைக்க வேண்டும். புகுந்த கிருமி பெருகாதவாறு குளிர்விக்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பயனில்லை. அழுக்கு முட்டியிலுள்ள நீரைக் குளிரவைத்தாலும் அது சில மணித்தியாலம் தாமதமாகவே கெடும், கெடாமல் இராது.

எமது முன்னோர் இதனை அறியாதவர்களல்லர். பனையிலிருந்து கருப்பணி இறக்கும் வட பகுதித் தொழிலாளர் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவது வழக்கம். சுண்ணாம்பின் காரத் தன்மை மதுவங்களை அடக்குகிறது. தென்னிலங்கையில் ஹல் மரப்பட்டையை முட்டியில் இடுவர். இவை பயன் தரும் முறைகளே. எனினும் சுண்ணாம்பு கூடினால் சுவையும் நிறமும் கெடுகின்றன. குறைந்தால் நீர் புளிக்கிறது. வீட்டுத் தேவைக்கு இது போதும். ஒவ்வொரு போத்தலிலும் ஒரே தரத்தை எதிர்பார்க்கும் சந்தைக்கு இது போதாது.

பியர் காய்ச்சுவோரின் பாடம்

இவ்விடத்தில் ஒரு மதுபானத் தொழிலிலிருந்து உதாரணம் காட்ட வேண்டியிருக்கிறது. நாம் மதுவைப் பரிந்துரைக்கவில்லை என்பதை வாசகர்கள் அறிவர். ஆனால் இனிப்புச் சாறு ஒன்று கெடுவது எப்படி என்பதை உலகில் மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் பியர் காய்ச்சுவோரே. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1876 ஆம் ஆண்டில் பியர் கெடுவதற்கான காரணங்களைப் பற்றியே ஒரு முழு நூலை எழுதினார். இன்று பாலையும் பழச்சாற்றையும் கெடாமல் காக்கும் அறிவில் பெரும் பங்கு அவ்வாறான ஆய்வுகளிலிருந்து கிடைத்ததாகும்.

முளைவிட்ட வாற்கோதுமையைச் சுடுநீரில் ஊறவைத்து எடுக்கும் இனிப்புச் சாற்றைப் பியர் காய்ச்சுவோர் சுமார் ஒரு மணித்தியாலம் கொதிக்க வைக்கின்றனர். கொதித்த சாற்றில் கிருமி ஏறக்குறைய இல்லை. ஆபத்து அதன் பின்னரே தொடங்குகிறது. நூறு பாகையிலிருந்து இருபது பாகைக்கு அது தானாக ஆறும்வரை காத்திருந்தால் பல மணித்தியாலங்கள் கழியும். இளஞ்சூட்டில் நிற்கும் அந்நேரத்தில் காற்றிலுள்ள எந்தக் கிருமியும் அதில் குடியேறலாம். ஆகவே வீட்டில் சிறிய அளவில் காய்ச்சுகின்ற மேலைநாட்டவர்கூட, குளிர்நீர் ஓடும் செப்புச் சுருளை உள்ளே அமிழ்த்தியோ, பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் நிறுத்தியோ அரை மணித்தியாலத்துக்குள் அதனைக் குளிர்விக்க முயல்கின்றனர். கொதித்த பின்னர் சாற்றைத் தொடும் குழாய், கரண்டி, மூடி அனைத்தையும் கிருமி நீக்கிய பின்னரே பயன்படுத்துகின்றனர்.

இதற்கு நேர்மாறான ஒரு மரபும் உண்டு. பெல்ஜியத்தில் பிரசெல்ஸ் நகரை அண்டிய பகுதியில் லாம்பிக் என்ற பியரைத் தயாரிப்போர், கொதித்த சாற்றைத் திறந்த, ஆழமற்ற பெரிய தொட்டியில் இரவு முழுவதும் ஆறவிடுகின்றனர். காற்றிலுள்ள மதுவங்களும் பக்டீரியாக்களும் தாமாக வந்து சேர வேண்டும் என்பதே அவர்களது நோக்கம். ஆனால் அவர்களும் இதனைக் குளிர் மாதங்களில் மட்டுமே செய்கின்றனர். கோடை இரவுகளில் சாறு மெதுவாக ஆறும், வேண்டாத கிருமிகளும் மிகுதியாகச் சேரும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவர்.

எமது கள்முட்டியும் அந்தத் திறந்த தொட்டியைப் போன்றதே. வேறுபாடு என்னவெனில் எமது கரையோரத்தில் குளிர் மாதம் என்பதே கிடையாது. பாளையிலிருந்து வரும் நீர் கொதித்து இறக்கிய சாற்றைப் போன்று தூய்மையானது. அதனை உடனடியாகக் குளிர்விக்காமல் நாள் முழுவதும் வெயிலில் தொங்க விடுகிறோம். பிறகு அது கள்ளாகிவிட்டதே என்று வியப்படைவதில் பொருளில்லை.

கேரளமும் தமிழகமும் கண்டவை

இப்பிரச்சினைக்குத் தொழில்நுட்ப ரீதியான விடை கண்டிருப்பவர்கள் கேரளத்தின் காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தினர். வெப்பம் புகாத உறையும் உள்ளே பனிக்கட்டியும் கொண்ட குழாய் வடிவக் கொள்கலன் ஒன்றை அவர்கள் உருவாக்கினர். பாளையின் முனையுடன் நெருக்கமாகப் பொருத்தப்படுவதால் ஈயும் எறும்பும் உட்செல்ல இடமில்லை. வடியும் நீர் விழும்போதே பூச்சியத்துக்கும் 5 பாகைக்கும் இடைப்பட்ட குளிர்ச்சியை அடைகிறது. இவ்வாறு பெறப்படும் நீர் தேன் நிறமாக இருக்கிறது. நாம் கண்டு பழகிய வெண்மை நிறம் பாளை நீரின் இயல்பன்று. அது நொதித்தலின் அடையாளமாகும். ‘கல்பரசா’ என்று பெயரிடப்பட்ட இந்நீருக்குச் சுண்ணாம்பும் தேவையில்லை, வேறு இரசாயனமும் தேவையில்லை.

ஆயினும் கருவி கிடைத்ததும் தொழில் செழித்துவிட்டது என்று எவரும் கருதிவிடக் கூடாது. 2014 ஆம் ஆண்டில் கேரள அரசு நீரா இறக்குவதற்கு உரிமம் வழங்கத் தொடங்கியபோது பெரும் எதிர்பார்ப்பு நிலவியது. தென்னை உற்பத்தியாளர் கம்பனிகள் பல களமிறங்கின. சில ஆண்டுகளுக்குள் அவற்றில் பல நட்டமடைந்து உற்பத்தியைக் கைவிட நேர்ந்தது. கம்பனிக்குக் கம்பனி தரமும் சுவையும் வேறுபட்டன. போத்தல்கள் கடையில் நீண்ட நாள் நிற்கவில்லை. பயிற்சி பெற்ற தொழிலாளர் போதாமலிருந்தனர். 1987 முதல் கள்ளுக்குத் தடை நிலவும் தமிழகத்தில், அரசு 2017 ஆம் ஆண்டில் நீரா இறக்க அனுமதிக்கும் முடிவை அறிவித்தது. அங்கும் அறிவிப்பின் வேகத்தில் தொழில் வளரவில்லை. அரசாங்கத்தின் அனுமதிப் பத்திரம் மட்டும் பாளை நீரைக் குளிர்விக்காது என்பதே இவ்விரு அனுபவங்களும் தரும் படிப்பினையாகும்.

மார்க்கம் காட்டும் நுணுக்கம்

புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் தென்னந் தோட்டங்கள் வைத்திருக்கும் முஸ்லிம்கள் பலர் தமது மரங்களைக் கள்ளிறக்கக் கொடுப்பதில்லை. போதை தருவது விலக்கப்பட்டது என்ற தெளிவான மார்க்கக் கட்டளையே இதற்குக் காரணம். இதனால் தேங்காய் விலை வீழ்ச்சியடையும் காலங்களில் பாளை நீரிலிருந்து வரக்கூடிய வருமானம் அவர்களுக்கு முற்றாகவே அடைபட்டுள்ளது. கள்ளுக்கும் பதநீருக்கும் இடையிலான வேறுபாட்டை நம்பகமாக நிறுவ முடிந்தால் இந்நிலை மாறும்.

இஸ்லாமிய மரபில் இந்த வேறுபாடு மிகக் கூர்மையாக உணரப்பட்டிருந்தது என்பதை இங்கு நினைவுகூர்வது பொருத்தமாகும். பேரீச்சம்பழத்தையோ உலர்ந்த திராட்சையையோ நீரில் ஊறவைத்துத் தயாரிக்கும் நபீத் என்ற இனிப்புப் பானத்தை நபி (ஸல்) அவர்கள் அருந்தியமையும், மூன்றாம் நாளுக்கு மேல் எஞ்சியதை அருந்தாது விட்டமையும் ஸஹீஹ் முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியுள்ளன. பானம் ஒன்றே, காலம் கடந்ததும் அதன் நிலை மாறுகிறது. அதேபோல அப்துல் கைஸ் கோத்திரத்தின் தூதுக் குழுவினர் வந்தபோது சுரைக்குடுவை, மெருகிட்ட சாடி, குடைந்த ஈச்சமரக் கட்டை, கீல் பூசிய பாத்திரம் ஆகியவற்றில் பானம் ஊறவைப்பது தடுக்கப்பட்டது. இப்பாத்திரங்களில் ஊறும் பானம் உரியவர் அறியாமலேயே விரைவில் போதை தருவதாக மாறிவிடும் என்பதே அதற்குரிய காரணமென விளக்கவுரையாளர்கள் கூறுவர். பின்னர், போதை தருவதைத் தவிர்ந்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் பாத்திரங்கள் மீதான தடை நீக்கப்பட்டது.

பாத்திரமும் காலமும் பானத்தின் தன்மையை மாற்றும் என்ற இந்த அறிவையே நவீன நுண்ணுயிரியல் வேறு மொழியில் பேசுகிறது. ஆகவே பதநீர்த் தொழிலில் ‘இது புளிக்கவில்லை’ என்று வாய்மொழியாகக் கூறுவது போதுமானதன்று. மரத்திலிருந்து எத்தனை மணிக்கு இறக்கப்பட்டது, எந்தக் கொள்கலனில், எத்தனை பாகை வெப்பநிலையில் என்பதற்குப் பதிவு வேண்டும். மதுசாரத்தை அளந்து பார்க்கும் ஏற்பாடு வேண்டும். எந்த அளவுகோல் ஏற்புடையது என்பதை மார்க்க அறிஞர்களும் ஹலால் சான்றளிக்கும் நிறுவனத்தினரும் உணவு விஞ்ஞானிகளுடன் அமர்ந்து தீர்மானிக்க வேண்டும். அவ்வாறு தீர்மானிக்கப்படும் தரம் முஸ்லிம்களுக்கு மட்டுமன்றி, குடியினால் குடும்பம் சிதைவதைக் கண்டு வருந்தும் இந்து, கிறிஸ்தவத் தாய்மாருக்கும் உவப்பானதாகவே இருக்கும்.

எம்மிடம் இருப்பவையும் இல்லாதவையும்

இத்தொழிலுக்குத் தேவையான பலவும் இம்மாவட்டத்திலேயே உள்ளன. 1929 இல் தொடங்கப்பட்டு லுணுவிலவில் அமைந்திருக்கும் தெங்கு ஆராய்ச்சி நிறுவகம் இம்மாவட்டத்துக்கே உரியது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்திலிருந்து 900 மெகாவாற் மின்சாரம் நாட்டுக்கு வழங்கப்படுவதும் இக்கரையோரத்திலிருந்தே. மீன்பிடித் தொழிலுக்காகப் பனிக்கட்டி ஆலைகள் இயங்குகின்றன. வெப்பம் கடத்தாத பெட்டியில் பொருளைக் காத்துக் கொழும்புக்கு அனுப்பும் பழக்கம் எமது மீனவருக்கு உண்டு. தென்னை உச்சிகளுக்கு இடையே கட்டிய கயிற்றில் நடந்து ஒரே ஏற்றத்தில் பல மரங்களைச் சீவி வரும் திறன் படைத்த தொழிலாளர் இன்னும் எஞ்சியிருக்கின்றனர்.

ஆனால் இவற்றை இணைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவது எளிது, செய்வது அரிது. கயிற்றில் நடக்கும் தொழிலாளி நூறு மரங்களுக்குப் பனிக்கட்டி கொண்டு செல்வது எப்படி? ஒரு லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து 5 பாகைக்குக் குளிர்விக்கக் கணக்குப்படி ஏறத்தாழ 300 கிராம் பனிக்கட்டி தேவை. மரமொன்றுக்கு ஒரு லீற்றர் என்று கொண்டால் நூறு மரங்களுக்கு 30 கிலோ. வெளி வெப்பத்தால் கரைந்து போவதையும் சேர்த்தால் இது இரண்டு மூன்று மடங்காகும். கேரளத்தில் போன்று மரத்துக்கு மரம் ஏறி இறங்குபவருக்கு உருவாக்கப்பட்ட கொள்கலன், கயிற்றில் நடப்பவருக்கு அப்படியே பொருந்தாது. பாரம் குறைந்த, ஒரு கையால் மாற்றக்கூடிய, எமது முறைக்கு ஏற்ற கொள்கலனை லுணுவில நிறுவகமே பொறியியலாளருடன் சேர்ந்து வடிவமைக்க வேண்டும். தொழிலாளியின் உயிரைப் பணயம் வைத்துப் பதநீரைக் காக்க முடியாது.

பனிக்கட்டி பற்றியும் ஓர் எச்சரிக்கை அவசியம். மீனுக்காகத் தயாரிக்கப்படும் பனிக்கட்டி அருந்தும் பானத்தைத் தொடத் தகுதியானதன்று. அதனைப் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் மட்டுமே பயன்படுத்தலாம். சுத்தமான நீரை அடைத்து உறைய வைத்த போத்தல்களைக் கொள்கலனின் சுவரில் பொருத்துவது இதனிலும் பாதுகாப்பானது. பாத்திரம் கழுவும் நீரும் கவனத்துக்குரியது. கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பாங்கான நிலத்தில், மரக்கறிச் செய்கைக்கு இடப்படும் மிகையான உரம் நிலத்தடி நீரில் நைத்திரேற்று அளவை உயர்த்தியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. 2025 நவம்பரில் டிட்வா சூறாவளியுடன் வந்த வெள்ளம் இம்மாவட்டத்தைக் கடுமையாகப் பாதித்தது. வெள்ளத்தில் மூழ்கும் கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் பயன்படுத்துவது எந்த உணவுத் தொழிலுக்கும் ஆபத்தாகும்.

சுத்தத்தை அலட்சியம் செய்வதன் விலை என்னவென்பது இக்கரையோரத்துக்குத் தெரியாததன்று. சிலாபம், புத்தளம் பகுதிகளில் செழித்த இறால் வளர்ப்பை 1996 இல் வெண்புள்ளி நோய் தாக்கியபோது பல பண்ணைகள் முடங்கின. ஒருவர் வெளியேற்றும் கழிவு நீரையே மற்றவர் உள்வாங்கும் நிலை அன்று ஒல்லாந்தர் கால்வாயை அண்டிய பகுதிகளில் காணப்பட்டது. தனது குளத்தைச் சுத்தமாக வைத்திருந்தவரும் அயலவரின் அலட்சியத்தால் நட்டமடைந்தார். பதநீரிலும் இதுவே நிகழும். சேகரிப்பு நிலையத்தின் பெரிய கொள்கலனில் ஒருவரது புளித்த நீர் கலந்தால் ஐம்பது பேரின் உழைப்பு வீணாகும்.

ஆட்சேபனைகள்

இதற்கு எதிராக எழுப்பப்படக்கூடிய கேள்விகளை நாம் ஒதுக்கிவிட விரும்பவில்லை. முதலாவது, தேங்காய்த் தட்டுப்பாடு. 2025 ஆம் ஆண்டில் ஒரு தேங்காயின் சில்லறை விலை 200 ரூபாவையும் தாண்டியதை எந்தக் குடும்பமும் மறந்திராது. சீவப்படும் பாளையில் காய் பிடிக்காது. அவ்வாறிருக்கப் பாளை நீருக்கு ஊக்கமளிப்பது தகுமா என்று கேட்பது நியாயமே. ஆனால் நாம் கோருவது மேலும் மேலும் மரங்களைச் சீவ வேண்டும் என்பதன்று. ஏற்கனவே கள்ளுக்காகச் சீவப்படும் மரங்களில் ஒரு பகுதியைப் பதநீருக்குத் திருப்பலாம். காய் விலை நன்றாக இருக்கும் காலத்தில் காய்க்கு விட்டு, வீழும் காலத்தில் மட்டும் குறிப்பிட்ட எண்ணிக்கையான மரங்களைச் சீவலாம். ஒரே மரத்திலிருந்து நீரையும் காயையும் மாறி மாறிப் பெறும் முறைகள் பிலிப்பைன்சில் ஆராயப்பட்டுள்ளன. அவற்றை எமது மண்ணில் பரீட்சித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, பதநீர் அனுமதியின் பெயரில் கள் விற்பனை பெருகிவிடும் என்ற அச்சம். இதுவும் புறக்கணிக்கத்தக்கதன்று. எமது நாட்டில் கள்ளிறக்கல் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. குடியேற்ற ஆட்சிக் காலத்துச் சட்டம் தென்னையை வரி வருமானம் தரும் மரமாகவே நோக்கியதில் வியப்பில்லை. ஆனால் மேற்பார்வையை மதுவரித் திணைக்களத்திடம் மட்டுமே விட்டுவிடும்வரை, பதநீர் இறக்குபவர் சந்தேக நபராகவே நடத்தப்படுவார். சேகரிப்பு நிலையத்தில் அமிலத் தன்மையை அறியும் தாளும் வெப்பமானியும் இருந்தால் புளித்த நீரைச் சில நிமிடங்களில் இனங்கண்டு திருப்பி அனுப்பலாம். விலையையும் அதற்கேற்ப நிர்ணயித்தால் ஏமாற்றுவதில் இலாபம் இராது. செயற்கைக் கள் பற்றி நெடுங்காலமாக எழுந்துவரும் முறைப்பாடுகளைப் பார்க்கும்போது, பாளை நீரின் தரத்தை அளந்து பதிவு செய்யும் பழக்கம் கள்ளுத் தொழிலுக்குமே தேவையானதாகும்.

மூன்றாவது, செலவு. குளிரூட்டிய போத்தல் பானத்தை மரத்திலிருந்து கடை வரை குளிரிலேயே கொண்டு செல்வது செலவு மிகுந்தது. கேரளத்துக் கம்பனிகள் பல இடறியது இங்குதான். எனவே தொடக்கத்திலேயே போத்தல் பானத்தில் இறங்குவது புத்திசாலித்தனமாகாது. பாணியும் கருப்பட்டியும் சீனியும் முதலில் வரட்டும். ஏழெட்டு லீற்றர் நல்ல பதநீரிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ சீனி பெறலாம். இந்தோனேசியாவும் பிலிப்பைன்சும் தென்னஞ் சீனியை உலகச் சந்தைக்கு ஏற்றுமதி செய்து வருகின்றன. கொதித்து இறுகியபின் இப்பொருட்களுக்குக் குளிரூட்டி தேவையில்லை. ஆனால் இங்கும் முதல் சில மணித்தியாலங்களின் குளிர்ச்சியும் சுத்தமும் இன்றியமையாதவை. புளிக்கத் தொடங்கிய நீரைக் காய்ச்சினால் கருப்பட்டி இறுகாது, சீனி மணியாகாது, விறகுச் செலவே மிஞ்சும்.

செய்யத்தக்கவை

பெரும் திட்டங்களை அறிவிப்பதற்கு முன்னர் சிறிய அளவில் ஒரு முன்னோடி முயற்சியை மேற்கொள்வதே உகந்தது என நாம் கருதுகிறோம். மாரவில அல்லது மாதம்பை போன்று கள்ளிறக்கும் திறன் உள்ள ஓரிடத்திலும், கற்பிட்டி அல்லது புத்தளம் போன்று முஸ்லிம் தோட்ட உரிமையாளர் அதிகமுள்ள ஓரிடத்திலும் ஒவ்வொரு சேகரிப்பு நிலையத்தைத் தெங்கு அபிவிருத்தி அதிகார சபை அமைக்கலாம். மண்முட்டிக்குப் பதிலாகக் கழுவிக் கொதிநீரில் சுத்திகரிக்கத்தக்க கொள்கலன்களைத் தொழிலாளருக்கு வழங்க வேண்டும். மாலையில் கட்டிய கொள்கலனை வெயில் ஏறும் முன்னர் அதிகாலையிலேயே இறக்கும் ஒழுங்கைப் பேணினால், பனிக்கட்டித் தேவையும் பெருமளவு குறையும்.

நிலையத்தை வந்தடையும் நீர் வடிகட்டப்பட்டுத் தாமதமின்றி அடுப்பேற வேண்டும். போத்தலில் அடைக்கப்படும் சிறு பகுதியைப் பொறுத்தவரை, சூடாக்கிக் கிருமி நீக்கிய பிறகு குளிர்விக்கும் முறையே அதன் ஆயுளைத் தீர்மானிக்கும். வாய் அகன்ற அண்டாவில் மூடியின்றி ஆறவிடும் எமது சமையலறைப் பழக்கம் இங்கு உதவாது. மூடிய, ஒடுங்கிய உலோகப் பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் நிறுத்தி, வெளிநீரைக் கலக்கிக்கொண்டே விரைவில் குளிர்விக்க வேண்டும். சூடாக்கிய பின்னர் அந்நீரைத் தொடும் எந்தப் பொருளும் கொதிநீரைக் கண்டிருக்க வேண்டும். இதனைக் கற்பிக்கப் பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை. சில நாட் பயிற்சி போதும். கிராமத்துப் பெண்கள் இவ்வேலையைத் திறம்படச் செய்வார்கள் என்பதில் எமக்கு ஐயமில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது சீவல் தொழிலாளியின் நிலை. உயிரைக் கயிற்றில் வைத்து உழைக்கும் அவருக்குக் கள்ளுக்குக் கிடைப்பதைவிடச் சற்றேனும் கூடுதலான விலை பதநீருக்குக் கிடைக்க வேண்டும். விபத்துக் காப்புறுதியும் வேண்டும். சுத்தம் பேணுவதற்கு மேலதிக நேரமும் உழைப்பும் செலவாகும்போது, அதற்குக் கூலி இல்லையெனில் அவர் பழைய முட்டிக்கே திரும்புவார். அதில் அவரைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை.

மது ஒழிப்புப் பற்றிப் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் தேவாலயங்களிலும் ஆண்டுதோறும் பேசப்படுகிறது. அப்பேச்சுக்கள் நல்லவையே. ஆனால் கள்ளை வேண்டாமென்று சொல்லும் சமூகம், கள்ளாகாத பாளை நீருக்கு ஒரு சந்தையை உருவாக்கிக் கொடுக்கவும் கடமைப்பட்டுள்ளது. லுணுவிலவில் அறிவு இருக்கிறது. மாரவிலவில் கைத்திறன் இருக்கிறது. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தோட்டங்களும் முதலீடு செய்யக்கூடியோரும் இருக்கின்றனர். இம்மூன்றையும் ஒரு மேசையில் அமரச் செய்யும் பொறுப்பை மாவட்டத்தின் மக்கள் பிரதிநிதிகளும் சம்பந்தப்பட்ட அமைச்சும் ஏற்க முன்வர வேண்டும் என வலியுறுத்துகிறோம்.